மூச்செடுக்கும் இடம்

குரவையை எழுத்தில் எழுத முடியுமா? தாலாட்டை எழுதலாம், ஒப்பாரியை எழுதலாம். அவற்றில் சொற்கள் இருக்கின்றன. குரவையில் சொல் இல்லை. நாக்கை இரு பக்கமும் வேகமாக அசைத்து எழுப்பும் ஒலி மட்டுமே இருக்கிறது. அதை ஒரு தாளில் காட்ட வேண்டிய வேலை ஒருமுறை எனக்கு வந்தது. அந்த வேலையைப் பற்றியும் அதன் வழியாக எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறிய விடயத்தைப் பற்றியும் இங்கு எழுதுகிறேன்.

அது 2003ஆம் ஆண்டு தொடக்கம். போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. மட்டக்களப்பில் ஒரு சிறிய அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். கலியாணக் காட், கோயில் திருவிழா அறிவித்தல், முப்பத்தோராம் நாள் நினைவு மலர் என்பவையே எமது அன்றாட வேலை. பாமினி எழுத்தில் தட்டெழுதி, பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி, நாலு மூலையிலும் பூ வைத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. கலியாணத்துக்கு ஒரு பூ, மரணத்துக்கு ஒரு பூ. அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

ஒரு நாள் நாடகம் பழக்கும் ரீச்சர் ஒருவர் அச்சகத்துக்கு வந்தார். கணவரை இழந்த, கணவர் காணாமற்போன ஒன்பது பெண்கள் சேர்ந்து மார்ச் 8 பெண்கள் தினத்துக்கு ஓர் ஆற்றுகை செய்யப் போவதாகவும், அதற்கு ஒரு சுவரொட்டியும் பார்க்க வருபவர்களுக்குக் கொடுக்க ஒரு மடிப்புத் தாளும் வேண்டும் என்றும் சொன்னார். "என்ன நாடகம் ரீச்சர்?" என்று கேட்டேன். "நாடகம் இல்லை. கதையும் இல்லை, வசனமும் இல்லை. குரல் மட்டும்தான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. முதலாளிக்கு உடனே விளங்கிவிட்டது. "அழுற பொம்பிளைட படம் ஒன்று போடு. பக்கத்தில ஒரு மெழுகுதிரி வை. மேல சிவப்பில பேரை எழுது" என்றார். அப்படியே செய்தேன். எங்களிடம் இருந்த படங்களின் இறுவட்டில் கன்னத்தில் நீர் வழியும் ஒரு பெண் இருந்தாள். எந்த நாட்டுப் பெண்ணோ தெரியாது. மெழுகுதிரியும் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஒத்திகை நடந்த மண்டபத்துக்குப் போனேன். வட்டமாக இருந்த பெண்கள் அந்தத் தாளைக் கைமாற்றிப் பார்த்தார்கள். வயதில் மூத்தவர் ஒருவர், நான் பெரியம்மா என்று கூப்பிடுபவர், கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, "இது ஆரு கா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் நின்றேன். "எங்கட முகத்த எல்லாரும் படம் எடுத்தாச்சு புள்ள. நீ இஞ்ச இருந்து முதல்ல கேளு. மறுகா வரை" என்றார்.

அன்று இருந்து கேட்டேன். ஓர் அக்கா அரிசி புடைக்கும் ஒலியை வாயாலே எழுப்பினார். இன்னொருவர் கோழிக்குத் தீன் போட்டுக் கூப்பிட்டார். ஒருவர் கிணற்றுக் கப்பி சுழலும் ஒலி. இன்னொருவர் மூடிய வாய்க்குள் தாலாட்டு. தெருத்தெருவாகக் கீரை விற்கும் அக்கா தன் கூவலை, கீரையின் பெயர்களை நீக்கிவிட்டு, இராகத்தை மட்டும் எடுத்துக் கூவினார். பொழுதுபட்ட பின் விளையாடப் போன பிள்ளையைக் கூப்பிடும் நீண்ட குரல் ஒன்று. பிறகு நாய் குரைப்பு. அதன் பின் எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பின்னர் எங்கோ அடிவயிற்றிலிருந்து ஒரு ஊமை ஒப்பாரி. முடிவில், ஒன்பது பேரும் சேர்ந்து குரவை.

எனக்கு உடல் சிலிர்த்தது. ஏன் சொற்களை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். கீரை விற்கும் அக்காதான் பதில் சொன்னார். "எத்தனை போமுக்குச் சொல்லியாச்சு, எத்தனை பேருக்குச் சொல்லியாச்சு. சொல்லிச் சொல்லி வாய் தேஞ்சு போச்சு கா. அந்தச் சொல்லெல்லாம் இப்ப எங்கட சொல்லு மாதிரியே இல்ல."

அடுத்த தடவை போனபோது ரீச்சர் சில போட்டோப் பிரதிகளைக் கொண்டுவந்திருந்தார். சொல்லற்ற குரலைத் தாளில் போட முயன்றவர்கள் உலகில் முன்பும் இருந்திருக்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். பின்னரும் தேடிப் படித்தேன். அவற்றில் சிலவற்றை உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

முதலாம் உலகப் போர் நடந்தபோது, ஜேர்மனியைச் சேர்ந்த ஹூகோ பல் என்ற எழுத்தாளரும் அவரது துணைவியான பாடகி எமி ஹென்னிங்ஸும் 1915இல் போரில் சேராத சுவிற்சர்லாந்துக்குப் போனார்கள். 1916 பெப்ரவரியில் சூரிச் நகரில் ஒரு சிறிய கலையரங்கைத் தொடங்கினார்கள். அவ்வருடம் ஹூகோ பல் காட்போட் மட்டையால் செய்த உடையை அணிந்துகொண்டு, எந்த மொழியிலும் பொருள் இல்லாத ஒலிகளாலான கவிதைகளை அங்கே சொன்னார். பத்திரிகைகள் பாழாக்கிவிட்ட மொழியைக் கைவிட வேண்டும் என்பது அவரது எண்ணம். கீரை விற்கும் அக்கா சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? அந்தக் கவிதைகளில் ஒன்று 1920இல் அச்சானபோது ஒவ்வொரு வரியும் வெவ்வேறு எழுத்துருவில் போடப்பட்டது. ஒரு வரி தடித்து, அடுத்தது மெலிந்து, இன்னொன்று சாய்ந்து நிற்கிறது. பார்த்தவுடனே குரல் மாறுவது தெரிகிறது.

அதற்கு முன்பே, 1914இல், மரினெற்றி என்ற இத்தாலியர் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். இன்று துருக்கியில் உள்ள எடிர்னே நகரம் 1912இல் முற்றுகையிடப்பட்டதை நிருபராகச் சென்று பார்த்தவர் அவர். பீரங்கியின் முழக்கத்தையும் குண்டுகளின் ஒலியையும் சிறிதும் பெரிதுமான எழுத்துகளாகப் பக்கம் முழுவதும் சிதறவிட்டிருந்தார். வடிவமைப்புப் படிப்பவர்கள் இன்றும் அதைப் பார்க்கிறார்கள். ஆனால் அவர் போரைப் புகழ்ந்தவர். ரீச்சர் அதன் ஒரு பக்கத்தைக் காட்டி இது குண்டுச் சத்தம் என்று சொன்னதும் பெரியம்மா அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். "கேட்கச் சந்தோசப்பட்டவன் வரைஞ்சது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒரு ஒலியை வரைபவர் எந்தப் பக்கத்தில் நின்று கேட்டார் என்பதும் வரைவில் தெரியும் என்பதை நான் அந்த ஒரு வசனத்தில் கற்றேன்.

எனக்கு மிகவும் உதவியது மூன்றாவது தாள். அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் கேஜ் 1958இல் கதி பெர்பேரியன் என்ற பாடகிக்காக எழுதிய ஒரு பாட்டு அது. பெர்பேரியன் ஆர்மேனிய வழிவந்த பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்து இத்தாலியில் வாழ்ந்தவர். அந்தப் பாட்டுக்குச் சுரம் எழுதப்படவில்லை. 20 பக்கங்களிலும் நிறக் கோடுகள் வளைந்து போகின்றன. கோடு மேலே ஏறினால் குரல் உயரும். கீழே இறங்கினால் தாழும். இடமிருந்து வலமாக நேரம் ஓடும். பத்து விதமான பாடும் முறைகளை நிறங்களும் கோட்டின் வகையும் பிரித்துக் காட்டும். எது எந்த முறை என்பதைப் பாடுபவரே தீர்மானிக்கலாம். பெர்பேரியன் நாட்டுப்புறக் குரலுக்கு ஒரு நிறம், மூக்கால் பாடும் குரலுக்கு ஒரு நிறம், குழந்தைக் குரலுக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டார். இடையிடையே கறுப்புச் சதுரங்கள் வரும். அந்த இடத்தில் பாடகி விரும்பிய ஏதாவது ஓர் ஓசையை எழுப்பலாம். பின்னர் 1966இல் பெர்பேரியன், சித்திரக் கதைகளில் வரும் ஒலிகளைக் கொண்டு தாமே ஓர் ஆற்றுகையை ஆக்கினார். அதன் தாள்களை றொபேட்டோ சமாரின் என்ற ஓவியர் வரைந்தார்.

அதைப் பார்த்து நான் ஆச்சரியப்பட்டது அழகுக்காக அல்ல. நல்ல குரல், கெட்ட குரல் என்று அதில் இல்லை. குழந்தையின் சிணுங்கலுக்கும் ஒரு நிறம் உண்டு; மேடைப் பாடகியின் குரலுக்கும் ஒரு நிறம் உண்டு. இரண்டுக்கும் தாளில் ஒரே மரியாதை.

பரிஸ் நகரில் மசென் என்ற வடிவமைப்பாளர் செய்த வேலை ஒன்றையும் ரீச்சர் சொன்னார். யூஜின் இயனெஸ்கோ எழுதிய ஒரு நாடகத்தை மசென் 1966இல் நூலாக வடிவமைத்தார். ஒரு வீட்டுக்குள் ஓர் ஆணும் பெண்ணும் நத்தையும் ஆமையும் ஒரே பிராணியா இல்லையா என்று சண்டை பிடிக்கிறார்கள். வெளியே போர் நடக்கிறது, குண்டு விழுகிறது. அவர்கள் சண்டையை நிறுத்துவதாக இல்லை. அந்தச் சண்டையும் வெடியோசையும் பக்கங்களில் எழுத்தாகவே பெருத்தும் உடைந்தும் நிற்கின்றன. மசென் தமது வேலைகளில் மெல்லிய இறப்பரில் எழுத்தைப் பதித்து இழுத்துப் படமெடுத்து, குரல் இழுபடுவதைப் போல எழுத்தையும் இழுத்திருக்கிறார். இந்தக் கதையைக் கேட்டு எங்கள் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நாங்களும் முகாமில செல்லடிக்குள்ள ஒரு வாளிக்குச் சண்டை பிடிச்சம்தானே" என்றார் ஒருவர். அன்று முழுவதும் நத்தையும் ஆமையும்தான் பேச்சு.

ஆனால் எங்களிடம் பத்து நிறம் இல்லை. எமது அச்சகத்தில் இருந்தது ஒரு நிற மெசின். இரண்டாவது நிறம் வேண்டுமானால் தாளை மீண்டும் ஒருமுறை ஓட்ட வேண்டும், காசு கூடும். பாமினியை இழுத்தால் எழுத்து அசிங்கமாகும். ஆகவே கையால் வரைவது என்று முடிவு செய்தேன்.

நேரத்தை எப்படி அளப்பது என்ற கேள்வி முதலில் வந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம் அப்போது கைகொடுத்தது. எமது இலக்கணத்தில் எழுத்தின் அளவு மாத்திரை. இயல்பாக ஒருமுறை கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம், ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. இசையில், தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது, பண்டம் கூறி விற்கும்போது ஒலி இந்த அளவைத் தாண்டி நீளும் என்று நன்னூல் சொல்கிறது. அப்படி நீளும் ஒலியைக் காட்டத்தான் நெடிலுக்குப் பக்கத்தில் அதன் குறிலையும் எழுதுகிறோம். அதற்கு அளபெடை என்று பெயர். சோதனைக்காகப் பாடமாக்கி மறந்த விடயம். இப்போது பார்த்தால் பிள்ளையைக் கூப்பிடும் அக்காவும் கீரை விற்கும் அக்காவும் நன்னூலுக்குள்ளேயே இருந்தார்கள். குரலைத் தாளில் போடும் வித்தை எங்களுக்கு அந்நியமானது அல்ல என்று ஒரு தைரியம் வந்தது.

சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்று வாங்கினேன். ஒரு சதுரம் ஒரு கைநொடி என்று வைத்தோம். முழு ஆற்றுகையும் தாளில் அடங்காது. ஆகவே பொழுதுபடும் நேரத்திலிருந்து குரவை வரையிலான பகுதியை மட்டும் எடுத்தோம். ஒருவர் நிதானமாக நொடிக்க, நான் எண்ணினேன். 240 நொடிகள். ஏ3 தாளை அகலமாக வைத்து, 6 மில்லிமீற்றர் சதுரங்களாக ஒரு வரிசைக்கு 60 வீதம் நான்கு கட்டுகள். ஒவ்வொரு கட்டிலும் ஒன்பது வரிசைகள். ஒரு பெண்ணுக்கு ஒரு வரிசை.

கோட்டின் உயரத்தைப் பெண்களே சொன்னார்கள். "இது உச்சந்தலைக் குரல்", "இது நெஞ்சுக் குரல்", "இது அடிவயிறு" என்று உடம்பைத் தொட்டுக் காட்டினார்கள். அரிசி புடைப்பதற்குச் சாய்ந்த சிறு புள்ளிகள். கப்பிக்கு முறுகிய கோடு. தாலாட்டுக்கு அகன்ற அலை. பிள்ளையைக் கூப்பிடும் குரலுக்கு ஏறிப் போய் நுனியில் மெலியும் கோடு. நான் வரைந்து காட்டுவேன். அவர்கள் விரலால் அதன் மேல் போய்க்கொண்டே குரல் கொடுத்துப் பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் அழிப்பேன். குரலுக்குச் சொந்தக்காரி தன் கோட்டைத் தானே அடையாளம் காண வேண்டும் என்பதே நாங்கள் வைத்த சோதனை.

நாய் குரைப்புக்குப் பின் வரும் இடத்தில் வேலை நின்றது. என்ன போடுவது? இரவில் நாய் குரைத்து, பின் தெருவில் வாகனம் வந்து நிற்கும் ஒலி எதற்கானது என்று 1990ஐ அறிந்த எமது பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆற்றுகையில் அந்த வாகன ஒலியை எவரும் எழுப்பவில்லை. நானும் கறுப்பாக ஏதாவது நிரப்பலாமா என்று கேட்டேன். "வேணாம் புள்ள. அத எங்கட தாளில ஏத்தாத" என்றார் பெரியம்மா. ஆகவே ஒன்பது கோடுகளும் ஒரே சதுரத்தில் வெட்டுப்பட்டு நிற்க, அதன் பின் 20 சதுரங்கள் வெறுமையாக விட்டோம். பிழையாக அச்சாகிவிட்டது என்று எண்ணக்கூடாது என்பதற்காகச் சதுரக் கோடுகளை மட்டும் மெல்லிதாக இருக்க விட்டேன். நேரம் போய்க்கொண்டுதான் இருக்கிறது, குரல்தான் இல்லை என்பது அதில் தெரிந்தது.

கடைசியில் குரவை. பிரச்சினை அங்கேதான் இருந்தது, இரண்டு விதமாக.

எங்கள் பகுதியில் கோயில் சடங்கிலும் கலியாணத்திலும் குரவை இல்லாமல் காரியம் நடவாது. ஆனால் அதற்கு முன்னுக்கு நிற்பவர்கள் கட்டுக்கழுத்திகள். கணவன் இறந்த பெண் தானாகவே பின்னுக்குப் போய்விடுவாள், அல்லது போகச் செய்யப்படுவாள். ஒத்திகை நடந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்களில் சிலர், "அறுத்ததுகள் குரவை போடலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வி ஒன்பது பேருக்கும் தெரியும். அதனால்தான் குரவையை அவர்கள் முடிவில் வைத்தார்கள்.

மற்றப் பிரச்சினை என்னுடையது. என் அம்மா ஒரு காலத்தில் எங்கள் ஊரில் குரவைக்குப் பேர்போனவர். அப்பாவை 1990இல் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை, இறந்தார் என்று கடிதமும் வரவில்லை. அம்மா பொட்டை அழிக்கவும் இல்லை, அதற்குப் பின் குரவை போடவும் இல்லை. ஊரும் அவரைக் கட்டுக்கழுத்தி என்று கூப்பிடவில்லை. கைம்பெண் என்று ஆறுதல் சொல்லவும் இல்லை. என் கலியாணத்தில் மற்றவர்கள் குரவை போட்டபோது அம்மா குசினிக்குள் பானை கழுவிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை.

அன்றிரவு வீட்டு மேசையில் வைத்துக் குரவையை வரைந்தேன். ஒன்பது வரிசையிலும் மேலே, உச்சந்தலை உயரத்தில், நெருக்கமான பல் பல்லான கோடு. அரிவாள்ப் பல் போல. 20 சதுரம் முடியும் வரை ஒரே இழுப்பு. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். தாளைப் பார்த்தார். "இதென்ன?" என்று கேட்டார். சொன்னேன். ஒரு சதுரம் ஒரு நொடி என்றும் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்று உடனே தோன்றியது.

அம்மா கோட்டின் மேல் விரலை வைத்து நொடி எண்ணிக்கொண்டே போனார். பாதியில் நிறுத்தினார்.

"இது பொம்பிளை போட்ட குரவை இல்ல மகள். மெசின் போட்டது. மூச்செடுக்கிற இடம் எங்க?"

நான் பேசாமல் இருந்தேன். அம்மா பென்சிலை எடுத்தார். "ஒருத்திக்கு ஏழெட்டு நொடிக்கு மேல ஏலாது. எல்லாரும் ஒண்டா மூச்செடுத்தா குரவை அறுந்து போகும். பக்கத்தில நிக்கிறவ மூச்செடுக்கக்குள்ள நீ பிடிக்கணும். நீ எடுக்கக்குள்ள அவ பிடிப்பா. வெளிய நிக்கிறவங்களுக்கு ஒரே குரவையாத்தான் கேட்கும்." சொல்லிக்கொண்டே முதல் வரிசையில் எட்டாவது சதுரத்தை அழித்தார். இரண்டாவது வரிசையில் மூன்றாவதை. மூன்றாவதில் ஆறாவதை. அப்படியே ஒன்பது வரிசையும். எந்த இரண்டு இடைவெளியும் ஒன்றன் கீழ் ஒன்றாக வராதபடி, நெசவு போல.

பிறகு, சரியா என்று பார்ப்பதற்காகப் போல, கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மிக மெதுவாகக் குரவை போட்டார். ஏழு நொடி. 13 வருடத்துக்குப் பின் நான் கேட்ட ஏழு நொடி. "சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் திருத்திய தாளை ஒத்திகைக்குக் கொண்டுபோனேன். பெண்கள் தங்கள் தங்கள் வரிசையில் விரல் வைத்துப் போட்டுப் பார்த்தார்கள். அதுவரை ஒத்திகையில் குரவை இடையில் தளர்ந்து விழுவதுண்டு. அன்று விழவில்லை. "ஆரு கா இத உனக்குச் சொல்லித் தந்தது?" என்று பெரியம்மா கேட்டார். சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

குரவை வரிசைகளைச் சிவப்பில் போட வேண்டும் என்று எல்லாரும் விரும்பினார்கள். முதலாளி இரண்டாவது நிறத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மெழுகுதிரியை விட்டதே அவருக்குப் பிடிக்கவில்லை, "கோடு கோடாக் கிடக்கு, ஆருக்கு விளங்கும்?" என்றார். பெண்கள் தங்கள் சீட்டுக் காசில் இருந்து மேலதிகச் செலவைத் தந்தார்கள். "நெற்றியில வைக்க ஏலாட்டி, கடுதாசியிலயாவது சிவப்பு இருக்கட்டும்" என்று ஒருவர் சொன்னார். சுவரொட்டிக்கும் அந்தக் குரவைப் பகுதியையே பெரிதாக்கிப் போட்டோம். முகம் இல்லை. கண்ணீர் இல்லை. இடைவெளிகளோடு கூடிய ஒன்பது சிவப்புக் கோடுகள்.

பெண்கள் தினத்தன்று மண்டபம் நிறைந்த கூட்டம். தாளைக் கையில் வைத்திருந்தவர்கள் முதலில் குழம்பினார்கள். பிறகு சிலர் விரலால் பின்தொடர்ந்தார்கள். நாய் குரைத்து நின்ற இடத்தில், வெறும் சதுரங்களின் மேல் விரல்கள் மெதுவாக நகர்வதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது. அம்மா வரவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்த தாளை மடித்து, அப்பாவின் படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

ஒலிநாடாவிலும் அதைப் பதிவு செய்திருந்தோம். 26.12.2004 அன்று கடல் வந்தபோது அந்த நாடா போய்விட்டது. கரையோரம் குடியிருந்த கீரை விற்கும் அக்காவும் போய்விட்டார். அவரது குரல் இனி எங்கும் இல்லை என்றே நினைத்தோம்.

பத்து வருடம் கழித்து, 2013இல், அதே ஆற்றுகையை மீண்டும் செய்ய விரும்பினார்கள். தாள் நான்கு பேரிடம் மிஞ்சியிருந்தது. கீரை விற்கும் அக்காவின் மகள் வளர்ந்து பெரிய பிள்ளையாகியிருந்தாள். தாயின் வரிசையில் விரலை வைத்து, நொடியை எண்ணி, கோடு ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்கினாள். முதல் தடவை சரியாக வரவில்லை. நாலாவது தடவையில் பெரியம்மா கையைத் தட்டி நிறுத்தினார். "அதுதான். அவட கூவல் அதுதான்" என்றார். அது முழுவதும் தாயின் குரல் என்று சொல்லமாட்டேன். மகளின் குரல் அது. ஆனால் தாய் போன வழியால் போயிற்று.

அழும் பெண்ணின் படத்தைப் போட்டிருந்தால் அந்த மகள் எதைப் பார்த்துக் கூவியிருப்பாள்? முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும். குரலின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் மூச்சையும் குறித்து வைத்தால், இன்னொருத்தி அதை எடுத்துத் தொடரலாம். இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இப்போது கணினியில் குரலைப் பதிந்தால் திரையில் தானாகவே அலையாகக் காட்டுகிறது. அது சத்தத்தின் அளவைக் காட்டும். எது நெஞ்சுக் குரல், எது அடிவயிற்றுக் குரல் என்பதை அதன் சொந்தக்காரிதான் சொல்ல வேண்டும்.

சகோதரிகளே, உங்கள் சங்கத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். பெரிய செலவு இல்லை. ஒரு சதுரக் கோட்டுக் கொப்பியும் பென்சிலும் போதும். உங்கள் தாயின் தாலாட்டை, ஊர்ச் சந்தையின் கூவலை, நீங்களே பிள்ளையைக் கூப்பிடும் விதத்தை ஒருவர் எழுப்ப, ஒருவர் நொடிக்க, ஒருவர் வரையுங்கள். படம் கீறத் தெரியாது என்று பயப்பட வேண்டாம். வரைந்ததைக் குரலுக்குச் சொந்தக்காரியிடம் காட்டுங்கள். அவள் தன்னை அடையாளம் கண்டால் சரி. வரைய விரும்பாத ஒலியை வரையாதீர்கள். அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். அதற்கும் நேரம் உண்டு.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். என் அம்மா சொன்னது அது. மூச்செடுக்கும் இடத்தை விட்டு வரையுங்கள். ஒருத்தி மூச்செடுக்கும்போது மற்றவள் பிடித்துக்கொள்வாள்.